சவுக்கை ஒடித்த பிரபு

அந்தத் தையல் கம்பெனியின் பின்னறையில் மெஷின் சத்தம் கிடையாது. தைத்து வந்த சட்டைகளுக்குக் கையால் பட்டன் வைப்பதும் நூல் பிசிறு வெட்டுவதும்தான் அங்கே வேலை. வாய் சும்மா இருந்தால் சண்டை வரும் என்று பெண்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருத்தி நாவல் படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் தங்களுக்குள் பிரித்து முடித்துக்கொடுப்பார்கள். படிப்பவளுக்கு ஜன்னலோர நாற்காலி, முதல் டீ, மகாராணி என்ற பட்டம்.

நம் மகாராணிக்கு ஒரு பட்டன் ஒழுங்காக வைக்கத் துப்பில்லை என்று மாமியார் முதல் சூப்பர்வைசர் வரை சொல்லியாயிற்று. குரல்தான் அவள் சொத்து. எந்தக் காலத்திலோ உண்மையில் வாழ்ந்த சீமாட்டிகளின் காதல் கதை என்றால் உயிரை விடுவாள். பிரபு குதிரையில் வந்தால் இவள் குரலிலேயே புழுதி கிளம்பும். ஆனால் அந்தச் சீமாட்டிகளில் பாதிப் பேருக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. ஒருமுறை ஒருத்தியின் தலை போன அத்தியாயத்தில் அறையே மூக்கைச் சிந்தி, வெள்ளைச் சட்டைகள் பாழாயின.

"இன்னொரு தடவை ஒப்பாரி கேட்டுச்சுன்னா, நாற்காலியையும் தூக்கிடுவேன், புத்தகத்தையும் தூக்கிடுவேன்" என்றார் சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து மகாராணி முடிவுகளை மாற்றிப் படித்தாள். தலை போக வேண்டியவளுக்குக் குழந்தை பிறந்தது. மற்றவர்களின் கண் ஊசியில் இருந்ததால் அவள் பாடு சுலபமாக ஓடியது.

அங்கே பட்டன்காரி என்று ஒருத்தி. வேகமான கை. புருஷனின் அடி தாங்காமல் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தாள். அப்போது ஓடிய கதையின் சீமாட்டியும் பிரபுவின் சவுக்குக்குப் பயந்து தாய்வீடு வந்தவள்தான். பிரபு ஆள் மேல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். இங்கே புருஷன் கம்பெனி வாசலில் நின்று கெஞ்சினான். கடைசி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் பட்டன்காரி பதில் சொல்லப் போகிறாள் என்பது அறைக்கே தெரியும்.

கடைசி அத்தியாயத்தில், திரும்பிப் போனவளைப் பிரபு கோபுர அறையில் பூட்டிப் பட்டினி போட்டே கொன்றிருந்தான். மகாராணி நிமிர்ந்தாள். வாசலில் சூப்பர்வைசர்.

"பிரபு அவள் காலடியில் சவுக்கை ஒடித்துப் போட்டான்" என்று படித்தாள்.

"அக்கா, இவ நெஜமாவே வாழ்ந்தவதானே?" என்றாள் பட்டன்காரி.

"ஆமாடி, பின்னட்டையிலயே போட்டிருக்கே."

"அப்போ அவனும் நெஜமாவே திருந்தினானா?"

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி. நாற்காலி போய்விடுமே என்று பயந்தாள்.

"திருந்தினான்டி" என்றாள்.

பட்டன்காரி அன்று மாலையே புருஷனோடு போனாள். திரும்பி வந்தபோது வலது கையில் மாவுக்கட்டு. கதவிடுக்கில் வைத்து விரல்களை நசுக்கியிருந்தான். இனி ஊசி பிடிக்க முடியாது. அவள் பிழைப்பு போகக்கூடாதென்று பெண்கள் சேர்ந்து சூப்பர்வைசரிடம் மன்றாடி, படிக்கும் நாற்காலியை அவளுக்கு வாங்கிக்கொடுத்தார்கள். மகாராணி தரைக்கு இறங்கினாள்.

பட்டன்காரி எடுத்தது அதே புத்தகம்.

"அது படிச்சதாச்சே, வேற எடுடி" என்றாள் மகாராணி.

"சவுக்கை ஒடிக்கிற இடம் மட்டும்தான்க்கா. எனக்குத் தாங்கலை. ஒரு தடவை படிச்சுக்கிறேன்."

எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கோபுரம் வந்தது. பூட்டு வந்தது. சீமாட்டி சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள். பட்டன்காரி முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள், இடது கையால் மறுபடி முன்னே புரட்டினாள்.

"சவுக்கு எங்கக்கா?" என்றாள்.

மகாராணி குனிந்து நூல் பிசிறைத் தேடினாள். இந்த முறை யாரும் அழவில்லை. படிப்பவளின் பங்குச் சட்டைகள் நடுவில் குவிந்து கிடந்தன. பெண்கள் அவற்றைப் பிரித்துக்கொள்ளவில்லை. அள்ளி, மொத்தத்தையும் மகாராணியின் மடியில் கொட்டினார்கள்.