அத்தை வாங்கிக்கொண்ட அடி

எங்கள் அத்தை காய்ச்சலுக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது காய்ச்சலை விட்டுவிட்டு ஒரு சாமியைக் கொண்டுவந்துவிட்டாள் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாரோ ஒரு கிறிஸ்தவ அம்மாள் அவளுக்குத் தினமும் வேதம் வாசித்துக் காட்டினாளாம். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்ததையெல்லாம் மனதில் முடிந்துகொண்டு, பசறை வழியாக மலையேறி, மடுல்சீமையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். நடுவில் இருந்த சுவர் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் விடியற்காலையில் முணுமுணுவென்று ஜெபம் செய்வது எங்களுக்குக் கேட்கும். அதைப் பற்றி அம்மா சொல்வதெல்லாம் அவளுக்குக் கேட்கும். குலசாமிக்குப் பொங்கல் வைத்த அன்று அத்தை வந்து நிற்கவில்லை. அதிலிருந்து அம்மா அவளை "வேதக்காரி" என்றுதான் சொல்லுவாள். அப்பா எந்தப் பக்கமும் பேசமாட்டார். வாயைத் திறக்காமல் இருப்பதே ஆண்பிள்ளைக்கு அழகு என்பது அவர் எண்ணம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு உபதேசியார் வேதம் சொல்லக் குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். வழியெல்லாம் அட்டை கடித்துக் காலில் இரத்தம் வடிந்துகொண்டிருக்கும். அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே பாவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நானும் போய் உட்காருவேன். முடிவில் கற்கண்டு தருவார் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. தம்பி தவழ ஆரம்பித்திருந்தான். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது அவனை என்னிடம் விட்டுப் போவாள். அன்றைக்கு அத்தை வேலைக்குப் போகவில்லை. அட்டைக்கடி புண்ணாகிக் கால் வீங்கி, அவள் காம்பராவில் படுத்திருந்தாள்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஒரே கூச்சல். தேயிலை ஆலைக்கு ஒரு பெரிய இரும்பு மெஷின் வந்துகொண்டிருந்தது. எட்டு ஜோடி மாடு பூட்டிய வண்டி. ஏற்றத்தில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஓடினார்கள். தம்பி பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் "போகாதே" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். சொல்லாமலே ஓடினேன்.

மாடுகளின் வாயில் நுரை தள்ளுவதையும், ஆட்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் கூட்டம். தம்பி விழித்துத் தவழ்ந்துபோய், அடுப்போரத்தில் மத்தியானச் சோற்றுக்கு நான் வடித்து வைத்திருந்த கொதிகஞ்சியைத் தன்மேல் இழுத்துக் கவிழ்த்துவிட்டான். அலறல் கேட்டு அத்தை வீங்கின காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவனைத் தூக்கியிருந்தாள். அவன் இடது கையும் தொடையும் தோல் வழன்று கிடந்தன. அத்தை குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்கு ஆள் போய், அவள் கூடையைக்கூடக் கழற்றாமல் மலையிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாவி, யாருகிட்ட விட்டுட்டுடி போன?"

நான் கையை நீட்டி அத்தையைக் காட்டினேன்.

"அத்தைகிட்டதான். நான் பாத்துக்கிறேன், நீ போன்னு சொன்னாங்க."

கூட்டம் முழுவதும் அத்தையின் பக்கம் திரும்பியது. அத்தை என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க அண்ணி. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

அம்மா கேட்கவில்லை. அடித்தாள். கன்னத்திலும் தோளிலும் தலையிலும் அடித்தாள். அத்தை கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தம்பியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அம்மா கத்தினாள்: "இனிமே எம் புள்ளையத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்!"

மலையிலிருந்து வந்து சேர்ந்த அப்பா, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்லிவிட்டு, தம்பியை வாழையிலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பதுளைக்குப் புறப்பட்டார். என்னைக் கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் லயமே அத்தையை ஒதுக்கியது. மலைத்தண்ணீர் விழும் பீலியில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். "சாமிய மாத்துனவ கண்ணு முன்னாடி கொழந்தை வேகுது, பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அத்தை நொண்டிக்கொண்டே வந்து, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே போனாள். வழியில் என்னைக் கண்டால் எப்போதும்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் வருவதைப் பார்த்தாலே தேயிலைச் செடிக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வந்தார். அத்தையின் வாசலில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. நான் சற்றுத் தள்ளி, சாக்கடை ஓரத்தில் நின்றேன். அவர் ஆதியில் இருந்த தோட்டத்தின் கதையைச் சொன்னார். தின்னக்கூடாத பழத்தைத் தின்றுவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட கதை. நான் பலமுறை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"கடவுள் வந்து கேட்டப்ப அவன் என்ன செஞ்சான் தெரியுமா? பெண்சாதியக் கையக் காட்டுனான். அவ பாம்பக் கையக் காட்டுனா. அன்னைலேருந்து மனுஷன் அடுத்தவனக் கைகாட்டிக்கிட்டேதான் இருக்கான்."

நான் என் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் காலில் தடவிய சுண்ணாம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒருத்தர்தான் மாத்திக் காட்டுனார். சேவகங்க பிடிக்க வந்தப்ப, நீங்க தேடுறது என்னைத்தானே, இவங்கள விட்டுருங்கன்னு முன்னால போய் நின்னார். மத்தவங்க மேல விழ வேண்டியத தன்மேல வாங்கிக்கிட்டார். ரட்சிப்புன்னா அதுதாம்மா."

கற்கண்டு நீட்டினார். நான் வாங்காமல் ஓடினேன். அவர் போகிறவரைக்கும் காத்திருந்து, பிறகு அத்தையின் காம்பராவுக்குள் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் உங்ககிட்ட சொல்லாமத்தான் போனேன்" என்றேன்.

"தெரியும்டி."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா அன்னிக்கு இருந்த வெறியில உங்கம்மா உன்னை என்ன செஞ்சிருப்பாளோ! நீ அடி தாங்குற ஒடம்பாடி?" என்றாள்.

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். தம்பி செத்துப்போவானா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லணுமா அத்தை?" என்று கேட்டேன்.

"சொல்லுன்னு நான் சொல்லமாட்டேன். நீயா சொல்றதா இருந்தா, நான் பக்கத்துல வந்து நிக்கிறேன்."

மேலும் நான்கு நாள் கழித்து, ஒரு மத்தியானம், அப்பாவும் அம்மாவும் மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. அம்மாவின் தோளில் துணிக் கட்டோடு தம்பி. தலையைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு வந்தான். உயிரோடு இருக்கிறான் என்று கண்டதும், அதுவரை பாடம்பண்ணி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. ஓடிப்போய் ரோட்டிலேயே கத்திவிட்டேன்.

"அம்மா, அத்தைகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலம்மா! மெஷின் பாக்க நானாத்தான் போனேன். பொய் சொல்லிட்டேன்."

லயத்து வாசல்களில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவின் கை ஓங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை எனக்குப் பக்கத்தில் நின்றாள், சொன்னபடி. அம்மா ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாதவள்போல அப்படியே வைத்திருந்தாள்.

"நான் அந்த அடி அடிச்சப்ப ஏன்டி வாயத் தொறக்கல?" என்று அத்தையைக் கேட்டாள்.

"புள்ள பயந்துபோயிருந்துச்சு அண்ணி."

அம்மா கையைக் கீழே இறக்கினாள். தோளில் இருந்த தம்பியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். பிறகு தங்கையைப் பார்த்து, "கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட பேச்சு.

மழைக்காலம் முடிந்த பிறகு அத்தைக்குப் பதுளை வேதக்கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அம்மாவும் வருகிறேன் என்றாள். என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் கோயிலுக்குள் வரவில்லை. நெற்றியில் திருநீற்றோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அத்தையின் தலையில் தண்ணீர் விட்டு, பாவம் எல்லாம் மன்னிக்கப்பட்டது என்று பாதிரியார் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால், அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நாத்தனார் நம் சாமியை விட்டுப் போகிறாளே என்று அழுகிறாள் என நினைத்து, "அழாதம்மா, அத்தை நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க" என்று சமாதானம் சொன்னேன். அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அந்த வாசற்படியில் மன்னிப்பு வேண்டி நின்றவள் நான் ஒருத்திதான் என்று அன்று நினைத்திருந்தேன்.