அக்டோபர் ஆற்றில் இரண்டு பேர்

மும்பை செம்பூர் வீட்டு பால்கனியில் மகளின் ஷூக்கள் நான்கு நாளாகக் காய்கின்றன. இமாச்சல் மலையாறு ஒன்றில் டிரவுட் மீன் பிடிக்கத் தனியாகப் போனவள், வழுக்கி விழுந்து, பத்தடி இழுபட்டு, பாறையைப் பிடித்து எழுந்து வந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.

அந்த ஷூக்களின் பாசி வாசனை எனக்குப் புதிதல்ல. அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே நான் சொன்ன கணேசன் கதைகளால்தான்.

கணேசன் ஆபீசில் என் பக்கத்து மேஜை. மாட்டுங்காவில் வெங்காயமே யோசித்து நுழையும் வீடு. அவனுக்கோ மீன் மேல் அப்படியொரு ஆசை. தின்ன அல்ல, பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட. கொக்கியில் நூலும் சேவலின் கழுத்து இறகும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்வான். இறகு என் உபயம், தாராவிக் கோழிக்கடையிலிருந்து. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்று ‘பெண்டிங்’ ஃபைலுக்குள் வைத்திருப்பான். ஒருமுறை மேனேஜர் அதைத் திறந்து, தும்மி, ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டார்.

ஓர் அக்டோபரில் இருவரும் லீவு போட்டு இமாச்சல் போனோம். மழை நின்று, மண் அடங்கி, ஆறு இளைத்துத் தெளிந்திருந்தது.

“நாம மீனப் பாக்கறதுக்கு முன்னால அது நம்மளப் பாத்துடும்” என்றான். பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடும் மீன்கள் முதலில் எதைப் போட்டாலும் வாயைத் திறக்குமாம். “ஆறு மாசத்துல பாம்பேக்காரனா ஆயிடும்டா. ஒருத்தனையும் நம்பாது.”

“அப்ப ஒம்ம பூச்சிய மட்டும் எப்படி வே நம்பும்?”

“நம்பாது. அதான் அழகு.”

பதினொரு மணி வரை ஆற்றில் இறங்கவில்லை. வெயில் தண்ணீரைத் தொட்டதும் பொடிப்பூச்சிகள் பறந்தன. நீரில் வட்டங்கள் விழுந்தன. அப்புறம்தான், தன் நிழல் நீரில் படாமல், மெல்ல நடந்தான். ஐந்தாவது வீச்சில் நூல் விறைத்தது. மீனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற ஆசையில் நான் காலை வைத்தேன். முழங்கால் ஆழம் என்று நினைத்த இடம் இடுப்பளவு. கால் பெயர்ந்தது.

கணேசன் தூண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் காலரைப் பிடித்தான். தூண்டிலும் மீனும் போய்விட்டன.

கரையில் பல் கிடுகிடுக்க மன்னிப்புக் கேட்டேன். “கம்பு போனா போறது. ஒங்கம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? தண்ணி இப்படிக் கண்ணாடியா இருந்தா ஆழம் தெரியாதுடா” என்றான்.

அந்த மீன் எவ்வளவு பெரிசு என்று அவன் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. அப்படியொரு மீன் பிடிக்கிறவனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மகளிடம் இறகையும் வட்டங்களையும் சொன்ன நான், காலர் விஷயத்தை மட்டும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தேன். நேற்றுத்தான் சொன்னேன். கணேசன் கொரோனா வருஷத்தில் போய்விட்டான். நாங்கள் உட்கார்ந்த ஆபீஸ் மாடி இப்போது ஹோட்டல்.

“திரும்பப் போகணும்னா போம்மா. தனியா மட்டும் எறங்காத. கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போ.”

அவளுக்கு ஆபீஸ் என்பது படுக்கையறை லேப்டாப். கூட வேலை பார்ப்பவர்கள் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஃபோனை எடுத்துப் பெயர்களை நிஜமாகவே மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள்.

“அரே பப்பா, யாரக் கூப்பிடறது?”