அரசாணையோடு சேர்த்துக் கட்டிய இரண்டு பக்கம்

நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியால் ஒரு டீச்சர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறார் என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குத் தெரிந்தது. அவர் நடத்த இருந்த பரிசுக் குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

அப்போது நான் தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்ட். எந்தத் தாலுகா என்று சொல்லப் போவதில்லை. தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தேன், எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வந்தேன், அவ்வளவு போதும். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர் வர அந்த மூன்று வருஷம் தாராளம்.

முதலில் டிராஃப்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். ஒரு நாள் மேலிடத்திலிருந்து சைக்ளோஸ்டைல் கட்டு ஒன்று வந்தது. சட்டத்தில் இன்னின்ன மாற்றம் செய்ய உத்தேசம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்கள். சாராயக் கடையை யாருக்குக் கொடுப்பது, பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசி இரண்டு பக்கம் மட்டும் வேறு சங்கதி. தர்ம காரியத்துக்காக நடத்தும் குலுக்கல், ஹௌசி என்கிற நம்பர் ஆட்டம் இவற்றுக்கு இனி கலெக்டர் அனுமதி வேண்டாம், தாலுகா ஆபீஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று.

ஆபீஸில் எல்லாருக்கும் சாராயப் பக்கங்கள்தான் வேண்டும். கடை ஏலம் எடுக்க யார் யார் வருவார்கள் என்று டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. கடைசி இரண்டு பக்கத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

சில மாதம் கழித்து ஜி.ஓ. என்கிற அரசாணை வந்தது. கடைகளும் திறந்தாயிற்று. நான் அரசாணையை மேலே வைத்து, பழைய டிராஃப்டை அடியில் வைத்து, இரண்டையும் ஒரே டேக் கயிற்றில் கோத்துக் கட்டினேன். எங்கள் செக்‌ஷனில் அப்படித்தான் எல்லாரும் கட்டுவோம், தேடுகிறபோது ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. கட்டியவன் நானே, ஆனாலும் பிறகு புரட்டியபோது கடைசி இரண்டு பக்கமும் அரசாணையின் இணைப்பு என்றே என் மண்டையில் ஏறிவிட்டது. முன்பக்கங்கள் சட்டமாகிவிட்டன, பின்பக்கங்கள் மட்டும் ஆகாமலா இருக்கும்? மடையன்.

ஸ்டெல்லா டீச்சர் வந்தது அதற்குப் பிறகு. படப்பை ரோட்டில் ஒரு சின்ன மாதா கோயிலும் அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. அங்கே டீச்சர், கோயில் கமிட்டிக்குச் செயலாளர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடத்து ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும், அதற்காகக் குலுக்கல் நடத்தக் கலெக்டருக்கு மனு எப்படி எழுதுவது என்று கேட்க வந்தார்.

"கலெக்டர்லாம் இப்போ வேணாம் டீச்சர். ரூல் மாறிடுச்சு. எங்களுக்கு ஒரு லெட்டர் குடுங்க, போதும்" என்றேன்.

"நிச்சயமா சார்? பின்னால ஏதாவது வந்துடப் போவுது."

"நான் எழுதியே தர்றேன்."

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலில் ஆபீஸ் முத்திரை குத்தி, 'புதிய விதிப்படி தனி அனுமதி தேவையில்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதே மாதிரி ஒரு காப்பி ஆபீஸ் ஃபைலில் வைத்தேன். டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. அதில் ஒரு குலுக்கல் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். முதல் பரிசு தையல் மெஷின். அடியில் செயலாளர் ஸ்டெல்லா என்று அச்சடித்த பெயர். இதற்கு அனுமதி உண்டா, சனிக்கிழமைக்குள் பதில் தேவை என்று எழுதியிருந்தது. புகார் கொடுத்தவர் சாராயக் கடைக்காரர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவர் திறந்த கடையை மாற்ற வேண்டும் என்று டீச்சர் மனு போட்டு, அவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. அந்த ஆத்திரம்.

நான் கட்டைத் தூக்கிக்கொண்டு ஹெட் கிளார்க் கோதண்டத்திடம் போனேன். அவர் டேகை அவிழ்த்து இரண்டையும் தனித்தனியாக மேஜைமேல் போட்டார்.

"இன்னாபா இது? ஜி.ஓ. இதோட முடிஞ்சி போச்சி. கீழ கீறது டிராஃப்ட். குலுக்கல் மேட்டரு இன்னும் பாஸே ஆவல."

அனுமதி இல்லாத குலுக்கல் என்றால் சூதாட்டக் கேஸ். கேஸ் என்றால் டீச்சருக்கு சஸ்பென்ஷன். எனக்கும்தான். உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். "பேஜாரு பண்ணிக்காத. 'இவ்வலுவலகத்தால் அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை'ன்னு ஒரு வரி எழுது. அது நெஜந்தானே? ஆபீஸ் காப்பிய நீ பாத்துக்க. அந்தம்மா கைல கீற காப்பிய எப்டியாச்சும் வாங்கினு வந்துடு."

எழுதினேன். அந்த ஒரு வரியில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆபீஸ் காப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் சீட்டின் அடிக்கட்டைகளை மடித்து ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காப்பி வேணும் டீச்சர். ஒரு சின்ன திருத்தம்."

"நீங்க கேட்டு இல்லன்னு சொல்வேனா சார்?" உள்ளே போய், பைபிளுக்குள் வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தார். காபி சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு காப்பியும் இப்போது என் பையில். கிழித்துப் போட்டால் முடிந்தது, என் பெயர் எங்கேயும் இல்லை. வீட்டில் இரண்டு தடவை கையில் எடுத்தேன். அந்தப் பிள்ளைகள் மடித்து மடித்துப் போட்டதுதான் கண்ணில் நின்றது. கிழிக்க முடியவில்லை. என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைக்காதீர்கள், கிழிக்கவும் பயம், கிழிக்காமல் இருக்கவும் பயம்.

சனிக்கிழமை தாசில்தார் வந்து உட்கார்ந்ததும், நான் எழுதிய பதிலையும் இரண்டு காப்பியையும் அவர் முன்னால் வைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் படித்து முடித்துத் தலை நிமிர்ந்தார். "இந்தப் பதில்ல நான் கையெழுத்துப் போட்டிருந்தா அந்தம்மா கதி என்னன்னு யோசிச்சியாய்யா?"

"யோசிச்சேன் சார்."

"யோசிச்சுமா எழுதினே?"



அவரே வேறு பதில் எழுதினார். இந்த அலுவலகம் தவறாகத் தெரிவித்ததால்தான் ஏற்பாடு நடந்தது, கமிட்டி மேல் குற்றமில்லை, குலுக்கல் நிறுத்தி வைக்கப்படும். ஸ்டேஷனுக்கு ஆள் மூலம் அனுப்பினார். எனக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. குலுக்கல் பிறகு கலெக்டர் அனுமதியோடு முறைப்படி நடந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். கூடம் காலியாக இருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து நீங்க திரும்பிப் போனப்பறம்தான் எனக்கு உறைச்சுது சார். திருத்தம் பண்ண வந்தவரு காபியக்கூட குடிக்காம ஓடுவாரா? கைல இருந்த ஒரே காகிதத்தையும் குடுத்துட்டமேன்னு. கடைக்காரரு ஸ்டேஷன்ல புகார் குடுத்ததும் ராத்திரி காதுல விழுந்துது. பிள்ளைங்க ரெண்டையும் காலையில பல்லாவரத்துல என் தங்கச்சி வீட்ல விட்டுட்டு வந்தேன். போலீஸ்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போறத அதுங்க பாக்க வேணாம்னு."

டீச்சர் வாசல்படி வரைக்கும் வந்தார்.

"இப்போ போயி கூட்டிட்டு வரலாமா சார்?"

"வரலாம் டீச்சர்."

வரலாம் என்று நான் சொன்ன பிறகும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா என்று பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக இன்னொரு மெமோ தந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உத்தேசத்தையும் உத்தரவையும் ஒரே டேகில் கட்டாதீர்கள். தப்பு செய்துவிட்டால் மேலே கொண்டுபோங்கள், அதிகம் போனால் ஒரு இன்கிரிமென்ட் போகும். எதிரே நிற்கிற ஆளிடம் இருக்கும் காகிதத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அவருக்கு அது ஒன்றுதான் இருக்கும்.