தண்ணீர் டின்னுக்குத் திருஷ்டிப் பொட்டு

போன வாரம், விடிவதற்குச் சற்று முன், தோழி செல்வியின் தோட்டத்துப் பாலிதீன் கூடாரத்துக்குள் தலையை நுழைத்தேன். மறுநொடி என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி! வெளியே தைப் பனி நடுக்குகிறது. உள்ளே... ஹீட்டர் இல்லை, அடுப்பு இல்லை, ஒரு பல்புகூட இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் கதகதப்பு?

கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். செடியெல்லாம் மல்லி மொட்டு. பனிக்காலத்தில்!

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்கழி, தையில் மல்லிச் செடி பனிக்கு முடங்கிவிடும். முழம் முழமாக வைத்த நாமே ஒரு கிள்ளோடு திருப்திப்பட்டுக்கொள்வோம்.

செல்வி இருப்பது பரவைக்குப் பக்கத்தில். பள்ளியில் இயற்பியல் டீச்சர். நான் அங்கே தமிழ். அவள் மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமானது. "எங்கம்மா காலம் பூரா அடுத்தவுக தோட்டத்துலதான் பூ பறிச்சாங்கக்கா. என் கல்யாணத்துக்கே கடையில வாங்குன பூதான். எம்மக தலையிலயாவது எங்க தோட்டத்துப் பூ ஏறணும்" என்றாள். தேதியை மாற்ற முடியாது. பனியையும் மாற்ற முடியாது. என்ன செய்வாள்?

கொஞ்சம் செடிகளுக்கு மேல் மூங்கிலை வளைத்து, பாலிதீன் போர்த்தினாள். உள்ளே பழைய எண்ணெய் டின்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தாள். பகல் வெயிலைத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளும். ராத்திரி மெல்ல மெல்ல வெளியே விடும். அவ்வளவுதான் சங்கதி. ஒரே ஒரு நிபந்தனை – டின் கருப்பாக இருக்க வேண்டும்.

வந்தது வினை! பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுமே நாத்தனார் ராக்கம்மாள் பாய்ந்துவிட்டார். "பரிசம் போட்ட வீட்டுல கருப்புப் பெயிண்டாடி அடிக்கிற? எம்புட்டுத் தைரியம் ஒனக்கு!"

செல்வியின் கணவர் முருகேசன் அக்கா பேச்சைத் தட்டாதவர். மனைவி பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, டின்களுக்கு வெள்ளையடித்து, காவிப் பட்டையும் போட்டுவிட்டார். கோயில் மதில் தோற்றது! "மங்களகரமா இருக்குல்ல?" என்று கேள்வி வேறு.

மங்களகரமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளை, வெயிலை உள்ளே விடுமா? விடிகாலையில் டின்னைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. ஒரு மொட்டைக்கூடக் காணோம். செல்வி எனக்குப் போன் போட்டு அழுதாள்.

மறுநாள் அவளே வழி கண்டுபிடித்தாள். கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக்கொண்டு நேராக நாத்தனாரிடம் போனாள்.

"மதினி, ஊர்க் கண்ணு பூராம் நம்ம கூடாரத்து மேலதான் இருக்கு. டின்னுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சிரவா?"

கல்யாண வீட்டில் திருஷ்டிப் பொட்டு வேண்டாமென்று யாராவது சொல்வார்களா? "தாராளமா வையி" என்றார் ராக்கம்மாள்.

வைத்தாள். பொட்டு என்ன... கொஞ்சம் பெரிசு. மேலிருந்து கீழ்வரை, வெயில் படும் பக்கம் முழுக்க! ராக்கம்மாள் வந்து பார்த்தார், முறைத்தார், திரும்பிப் போய்விட்டார். தானே கொடுத்த அனுமதியாயிற்றே.

அந்தப் பொட்டு செய்த வேலையைத்தான் கல்யாணத்தன்று விடிகாலையில் பார்த்துக்கொண்டு நின்றேன். சூரியன் இன்னும் எழவில்லை. அதன் வேலை மட்டும் தகர டின்னுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. நாம் தினமும் திட்டித் தீர்க்கும் மதுரை வெயில்தான் இது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

செல்வி மடி நிறைய மொட்டுப் பறித்தாள். ராக்கம்மாளும் கூடச் சேர்ந்து பறித்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, செல்வியையே பார்த்தார். பிறகு பக்கத்து டின்னின் பொட்டில் விரலை நன்றாகத் தேய்த்து, அவள் கன்னத்தில் வைத்தார்.

"என் கண்ணே பட்டுரும் போல இருக்குடி."

செல்வி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "சூடா இருக்கு மதினி!"

இருக்காதா பின்னே? நேற்றைய வெயிலாயிற்றே!