நாத்தனார் வாங்கிவந்த காபி பாத்திரம்

பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வரும் என் நாத்தனார் உஷா, செங்கம் ரோட்டிலுள்ள எங்கள் வீட்டில்தான் தங்குவாள். என் காபியைக் குறை சொல்லாமல் ஒரு முறையும் ஊருக்குத் திரும்பியதில்லை. சில மாதங்களுக்கு முன், அடியில் கொதிக்கும் தண்ணீர் ஆவியின் வேகத்தில் நடுத்தட்டுப் பொடி வழியாக டிகாஷனாக மேலேறும் அலுமினியப் பாத்திரம் ஒன்றை நீட்டினாள். "இதுலயாவது வாயில வைக்கிற மாதிரி போடுங்க அண்ணி."

ஆத்திரத்தில், சிக்கரி கலந்த வழக்கமான பொடியையே நிரப்பி, கரண்டியால் இறுக அழுத்தி அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்தும் சொட்டு டிகாஷன் வரவில்லை.

"தீயை ஜாஸ்தி பண்ணுங்க. இதுகூடவா தெரியல?" என்றாள் உஷா. அவள் வாயை அடைப்பதற்காகவே ஜாஸ்தி செய்துவிட்டு, பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தேன். பாத்திரம் வெடித்தது. அதன் மேல்பாகம், நான் அதுவரை நின்ற இடத்தின் வழியாகப் பறந்து சுவரில் மோதியது. கொதிக்கும் பொடி புடவையில் தெறித்தது. முகம் தப்பியது.

"இவ்ளோ காஸ்ட்லியானதை உடைச்சிட்டீங்களே" என்றாள் உஷா.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் கணவரோ, "அவ ஆசையா வாங்கிட்டு வந்தா. நீ பார்த்து செஞ்சிருக்கலாம்" என்றார். எனக்கு எங்காவது சுட்டதா என்று இருவருமே கேட்கவில்லை.

நைசான பொடியை அழுத்தியதால் ஆவி அடைபட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போது ஃபில்டரில் பொடியை லேசாகத் தட்டி, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். யார் அவசரப்படுத்தினாலும், டிகாஷன் தானாக இறங்கும்வரை தொடுவதில்லை. காபி மணமாகவே வருகிறது. உஷா வந்தால் மட்டும், அவள் காபியை அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று பாலையும் பொடியையும் மேடையில் எடுத்து வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறேன்.

- ர. கலைச்செல்வி, திருவண்ணாமலை