விட்டதாகச் சொன்ன மீன்

அந்த மீனை நான் ஆற்றில் விடவில்லை. இன்றுவரை குமார் அண்ணையிடம் இதைச் சொன்னதும் இல்லை.

வேலை முடிந்த பிறகு இந்த வெளிநாட்டு ஊரின் வாண்டில் என்ற ஆற்றுக்கு அழைத்துப்போய், இறகால் பூச்சி மாதிரிக் கட்டிய தூண்டிலை வீச எனக்குப் பழக்கியவர் அவர்தான். அன்று செப்டெம்பர் கடைசி, மீன்பிடி சீசன் முடியப்போகிற மாலை. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. மீன்குழம்பில் வளர்ந்தவனுக்கு அது லேசான காரியமா? ஆற்று வளைவுக்கு அப்பால் நான் தனியாக நின்றபோது கொழுத்த ட்ரவுட் மீன் ஒன்று சிக்கியது. தலையில் ஒரு தட்டுத் தட்டி, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்தேன்.

"மீன் பட்டதோ?" என்று மறுபக்கத்திலிருந்து அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை. விட்டிட்டன்."

"நல்ல வேலை செய்தாய். சினைக் காலம், பாவம் அதுகள்."

வீட்டில் மனைவி மீனை வெட்டினாள். வயிறு நிறையச் சினை. "உங்களுக்கு விருப்பம்தானே" என்று அதைத் தனியாகப் பொரித்து என் தட்டில் வைத்தாள். என்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

அதன்பிறகு பிடித்ததையெல்லாம் விட்டிருக்கிறேன். அண்ணை இப்போதும் வளைவுக்கு அப்பாலிருந்து, "பட்டதோ?" என்று கேட்பார். விட்டாயா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.