பாகு மணத்த துணி

செங்கமலம் ஈரம் உறிஞ்சும் வடிதாளை நாலு விரல் அகலத்துக்கு நறுக்கி, பிறந்து மூன்று நாளான தங்கை மகனின் இடுப்புத் துணிக்குள் ஒரு துண்டை வைத்தாள். நனைந்ததும் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாக நடந்தது. சிறுநீரைத் தாளில் உலர்த்திவிட்டால் சாதாரணத் தபாலில் அனுப்பலாம் என்று அங்கே சொன்னவளே அவள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து அவளுக்குத் தாள் வந்தது. பிறந்த ஊரில் எடுப்பது இதுதான் முதல் தடவை. 1963ஆம் வருஷம், திருமயத்துக்குப் பக்கத்துச் சிற்றூர்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவளுக்குப் பதினாறு வயது. தாய்மாமன் உடையப்பனுக்குத்தான் அவள் என்று தொட்டிலிலேயே பேசிவைத்திருந்தார்கள். அவளோ மூன்று நாள் பட்டினி கிடந்து புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்தாள். மாமன் உரிமை வீணாகக் கூடாதே. ஆறு வருஷம் கழித்துத் தங்கை மருதாயியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். உடையப்பன் நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மருதாயியின் முதல் பிள்ளை பன்னிரண்டு நாள் இருந்தது. இரண்டாவது ஒன்பது நாள். இரண்டு தடவையும் விடுப்பில் வந்து துணி துவைத்தவள் செங்கமலம். துணியில் வெல்லப் பாகு காய்ச்சிய மணம் அடித்தது. அவர்களுடைய ஆத்தா ராக்காயிக்கு அதில் தனிப் பெருமை. "மூத்திரம் மணக்குற பிள்ளை தெய்வப் பிள்ளைடி" என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒரு துணியைத் துவைக்க விடாமல் சாமி மாடத்தில் மடித்து வைத்தாள்.

பிறகு ஒருநாள் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் செங்கமலம் படித்தாள்: ஒரே வீட்டில் நாலு குழந்தைகள், அதே மணம், அதே சாவு. அன்றிலிருந்து அவளுடைய ஆராய்ச்சி முழுதும் அதுவாகிப் போனது. பாலில் உள்ள புரதத்தைக் கரைத்துத் தள்ளும் ஒரு நொதி அந்தக் குழந்தைகளின் உடம்பில் வேலை செய்வதில்லை. அந்த நொதியை உண்டாக்க உடம்புக்குள் இருக்கும் குறிப்பு தாயிடமும் பழுது, தகப்பனிடமும் பழுது என்றால்தான் அப்படி ஆகும். ஒரே ரத்தத்துக்குள் கட்டும்போது அப்படிப்பட்ட இருவர் சேர்வது எளிது.

நாலாம் நாள் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து அதில் மருந்தை விட்டாள். மஞ்சளாகக் கலங்கியது. அந்தக் குறை இருந்தால்தான் அப்படிக் கலங்கும்.

அந்த நிமிஷமே தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னாள். காய்ச்சி ஆறிய சர்க்கரைத் தண்ணீரைத் துணித் திரியில் நனைத்து, மணிக்கு ஒரு தடவை அவளே கொடுத்தாள். அந்தப் புரதத்தை நீக்கிய பால் மாவு கேட்டு வெளிநாட்டுக்கு எழுதியிருந்தாள். அனுப்புவதாகப் பதில் வந்திருந்தது, மாவு வரவில்லை. வந்தால் அதோடு சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பாலும் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் பாலை வற்றவிடாமல் பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். மருதாயி வேளைக்கு ஒரு கிண்ணம் பீய்ச்சித் தென்னை மரத்தடியில் ஊற்றினாள்.

ராக்காயிக்கு வயிறு எரிந்தது. "கட்டிக்க மாட்டேன்னு போனவ, இப்ப பிள்ளையப் பட்டினி போட வந்திருக்கா" என்று தண்ணீர் எடுக்க வந்த பெண்களிடம் சொன்னாள். உடையப்பன் மட்டும் தினமும் திருமயம் தபாலாபீசுக்குச் சைக்கிளில் போய் வெறுங்கையோடு திரும்பினான்.

ஏழாம் நாள் பிள்ளை வில்லாக வளைந்து வீறிட ஆரம்பித்தது. மருதாயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீ மாமாவைக் கட்டியிருந்தா ஒன் பிள்ளையும் இப்பிடித்தான் கெடக்குமா?"

"தெரியலை. எனக்கு அந்தக் கொறை இருக்கா இல்லையான்னு பாக்க இன்னும் வழியில்ல."

"இல்லாம இருந்திருந்தா?"

செங்கமலம் திரியை நனைத்தாள். "ஒண்ணும் செத்திருக்காது."

"நல்லாப் படிச்சக்கா" என்றாள் மருதாயி. பிறகும் வேளை தவறாமல் பாலைப் பீய்ச்சினாள்.

பத்தாம் நாள் மத்தியானம் பிள்ளை அடங்கிவிட்டது. முதல் இரண்டுக்கும் பக்கத்திலேயே உடையப்பன் குழி வெட்டினான். ராக்காயி மாடத்திலிருந்த பழைய துணியை எடுத்து வந்து, அதைக் குழிக்குள் போட்டாள்.

இந்தத் தாள்களை வைத்துச் செங்கமலம் எழுதிய கட்டுரை பிற்பாடு பல நாடுகளுக்குப் போனது. அதைப் படித்துவிட்டுச் சில ஆஸ்பத்திரிகளில் மூன்றாம் நாளே சோதித்தார்கள், மாவும் கிடைத்தது. பிழைத்த பிள்ளைகளின் படங்கள் அவளுக்குத் தபாலில் வந்தன. ஒன்றைக்கூட அவள் தங்கைக்குக் காட்டியதில்லை.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் காலை கொடியிலிருந்து தாள்களை எடுத்து, வழக்கம்போல மூலையில் எண் போட உட்கார்ந்தாள். மருதாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எண்ணு வேணாம். அடைக்கலம்னு எழுது" என்றாள். பேர்வைக்கும் நாள் இன்னும் வந்திருக்கவில்லை. செங்கமலம் எல்லாத் தாளிலும் அந்தப் பேரையே எழுதினாள்.

பிறகு உடையப்பன் வாங்கி வந்திருந்த மல்லிகைப் பூவைப் பிரித்து, பால் வற்றுவதற்காகத் தங்கையின் இரண்டு மார்பிலும் பரப்பி, மேலே வெள்ளைத் துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.